பிரெஞ்சு வில், இத்தாலிய மூச்சு: பரோக் சூட்டிலும் ஓபோ கான்செர்ட்டோவிலும் தேசிய பாணிகள்

பரோக் காலத்தில் (17-ஆம் நூற்றாண்டு முதல் 18-இன் நடுப்பகுதி வரை) வாத்தியக் குழு வாசித்த ஆட்ட வரிசையான ஆர்கெஸ்ட்ரா சூட் என்றால் பிரெஞ்சு பாணி, ஓபோ என்ற சீவாளிக் குழல் தனித்து நிற்கக் குழு கூட வாசிக்கும் ஓபோ கான்செர்ட்டோ என்றால் இத்தாலிய பாணி என்கிறார்கள். ஆனால் அந்த சூட்டுகளில் இன்று அதிகம் கேட்கப்படுபவற்றை எழுதிய பாக், டெலமான், ஹேண்டல் மூவரும் ஜெர்மானியர்கள். அப்படியென்றால் இந்தப் பெயர்களுக்கு என்ன பொருள்? கேட்கும்போது காதால் பிரித்தறிய முடியுமா? இதுதான் கேள்வி.

முடியும். மேற்கத்திய சுரக்குறிப்பு படிக்கத் தெரியாதவர்களாலும் முடியும். அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 17, 18-ஆம் நூற்றாண்டு இசைக்காரர்கள் ‘பிரெஞ்சு முறை’, ‘இத்தாலிய முறை’ என்று பேசியபோது, வில்லை எப்படி இழுப்பது, அலங்காரத்தைத் தீர்மானிப்பது யார், தாளம் ஆடுபவரின் காலுக்குக் கட்டுப்பட்டதா பாடுபவரின் மூச்சுக்குக் கட்டுப்பட்டதா என்பன போன்ற தொழில் வழக்கங்களையே குறிப்பிட்டார்கள். எழுதியவர் எந்த ஊரில் பிறந்தார் என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். உழைத்துக் கற்றுக்கொண்டால் யார் வேண்டுமானாலும் எந்த முறையிலும் எழுதலாம், வாசிக்கலாம். கற்காதவருக்கு அது கைவராது, அவர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும்.

பிரெஞ்சு பாணியை வடிவமைத்தவரே இத்தாலியர்தான். ஜான் பாப்டிஸ்ட் லுல்லி 1632-இல் ஃபுளோரன்ஸில் ஒரு மாவு ஆலைக்காரரின் மகனாகப் பிறந்தார். 1646-இல், அரசகுலப் பெண் ஒருவர் இத்தாலிய மொழி பேசிப் பழகுவதற்குத் துணையாகப் பிரான்ஸுக்கு அழைத்துச் செல்லப்பட்ட சிறுவன் அவர். பின்னாளில் பதினான்காம் லூயியுடன் பாலே மேடையில் சேர்ந்து ஆடினார். 1661-இல் அரசவை இசையின் தலைமைப் பொறுப்பும் பிரெஞ்சுக் குடியுரிமையும் அவருக்குக் கிடைத்தன. ஆட்டத்தைக் காலால் அறிந்தவர் என்பதால், அவர் கட்டியெழுப்பிய வாத்தியக் குழுவும் ஆட்டத்துக்கென்றே பழக்கப்பட்டது.

அந்தக் குழுவின் ஒலியமைப்பே வேறு. இத்தாலியில் இரண்டு வயலின் வரிகள் மேலே ஒன்றையொன்று துரத்தும். கீழே பாஸ் என்ற தாழ்குரல் வரி, நடுவே வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று. லுல்லியின் தந்திக் குழுவில் ஐந்து வரிகள் உண்டு. மேலே ஒரே ஒரு வயலின் வரி, நடுவே மூன்று வெவ்வேறு அளவிலான வியோலாக்கள், அடியில் இன்றைய செல்லோவைவிட ஒரு சுரம் தாழ்த்திச் சுருதி கூட்டிய பெரிய பாஸ் வயலின். மெட்டு கோடு கிழித்ததுபோல் தெளிவாக நிற்கும், நடுப்பகுதி அடர்ந்து நிறைந்திருக்கும். ஒரு ஒலிப்பதிவில் உச்சியில் இரண்டு குரல்கள் உரசி மோதி விலகினால் இத்தாலிய வாடை, ஒரே குரல் மேலே நின்று மற்றவை அதைத் தாங்கினால் பிரெஞ்சு வாடை. முதல் அடையாளமாக இதை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது அடையாளம் வில். இதைப் பற்றி நமக்குத் துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் கேயோர்க் முஃபாட். சவோய் பகுதியில் 1653-இல் பிறந்து, சிறுவயதில் பாரிஸில் ஆறு ஆண்டுகள் கற்று, பிறகு ரோமில் இத்தாலிய வயலின் மேதை கோரெல்லியின் கான்செர்ட்டோக்களை நேரில் கேட்டு, கடைசியில் ஜெர்மன் நகரமான பாசாவில் பணிபுரிந்தவர். 1695-லும் 1698-லும் அவர் வெளியிட்ட இரண்டு சூட் தொகுப்புகளின் முன்னுரைகள் லத்தீன், ஜெர்மன், இத்தாலியம், பிரெஞ்சு ஆகிய நான்கு மொழிகளில் அச்சாயின. லுல்லியின் ஆட்கள் எப்படி வாசித்தார்கள் என்பதை அவற்றில் விளக்குகிறார். அடிப்படை விதி இதுதான்: ஒவ்வொரு தாளச் சுற்றின் முதல் அடியும் கீழ்நோக்கிய வில்லில்தான் விழ வேண்டும். மூன்று எண்ணிக்கை கொண்ட மினுவெட் என்ற ஆட்டத்தில் வில்லைக் கீழ், மேல், கீழ் என்று மாற்றிக்கொண்டே போனால் இரண்டாம் சுற்று மேல்வில்லில் தொடங்கிவிடும். இத்தாலியர்கள் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். லுல்லியின் ஆட்களோ நடுவில் வில்லை எடுத்து மறுபடி வைத்தாவது அடுத்த சுற்றைக் கீழ்வில்லில் தொடங்குவார்கள். கீழ்வில்லுக்குக் கையின் எடை இயல்பாகவே கூடுதல். ஆகவே ஒவ்வொரு சுற்றின் தலையிலும் ஓர் அழுத்தம், அதற்கு முன் ஒரு நூலிழை இடைவெளி. ஆடுபவரின் கால் தரையில் படும் இடம் அது. குழு முழுவதும் ஒரே நேரத்தில் இதைச் செய்யும்போது கிடைக்கும் மிடுக்கை ஒருமுறை கேட்டுப் பழகினால் பிறகு தவறவிட மாட்டீர்கள்.

முஃபாட்டின் முதல் முன்னுரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அது வெளிவந்த 1695-இல் ஜெர்மன் பேரரசு பிரான்ஸுடன் போரில் இருந்தது. எதிரி நாட்டின் இசையை ஜெர்மன் இசையோடும் இத்தாலிய இசையோடும் கலப்பதால் தான் எந்தப் போரையும் மூட்டவில்லை, மக்கள் விரும்பும் அமைதிக்கு ஒருவேளை முன்னோட்டம் பாடுகிறேன் என்ற பொருளில் அவர் எழுதுகிறார். பாணிகளைக் கலப்பது ரசனை சார்ந்த விஷயமாக மட்டும் அன்று இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

கற்காதவருக்குக் கைவராது என்றேன். அதற்குச் சாட்சி கோரெல்லியே. ஜான் மெயின்வேரிங் 1760-இல் எழுதிய ஹேண்டலின் வாழ்க்கை வரலாற்றில் இது வருகிறது. இளம் ஹேண்டல் ரோமில் இருந்தபோது பிரெஞ்சு முறையில் ஓர் ஓவர்ச்சர் (தொடக்க இசை) எழுதிக் கொடுக்க, இத்தாலியாவே கொண்டாடிய வயலின் மேதை அதை வாசிக்கத் தடுமாறினார். பொறுமையிழந்த ஹேண்டல் வயலினை அவர் கையிலிருந்து பிடுங்கி வாசித்துக் காட்டினார். இது பிரெஞ்சு முறை, எனக்குப் பழக்கமில்லை என்று கோரெல்லி அடக்கத்தோடு சொன்னாராம். ஹேண்டல் அந்த ஓவர்ச்சரை எடுத்துவிட்டு இத்தாலிய பாணியில் வேறொன்று எழுதிக் கொடுத்தார்.

பிரெஞ்சு ஓவர்ச்சரை அடையாளம் காண்பது மிக எளிது. முதல் பகுதி மெதுவாக, கம்பீரமாக நடக்கும். நீண்ட சுரம், அதன் வாலில் வெடுக்கென்று ஒரு குறுஞ்சுரம், மறுபடி நீண்ட சுரம். அரசர் அரங்குக்குள் நுழைவதற்கான இசை. அது முடிந்ததும் ஒரு வாத்தியம் வேகமான மெட்டைத் தொடங்க, அடுத்தது அதே மெட்டைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது தொடர, பின்னலாக விரியும். பல நேரங்களில் கடைசியில் பழைய மெதுநடை திரும்பும். அதன் பிறகு ஆட்டங்கள் வரிசையாக வரும்: கவோட், பூரே, மினுவெட், பாஸ்பியே, ஜீக்.

பிரான்சில் இந்த வரிசையைத் தனிப் படைப்பாக உட்கார்ந்து எழுதும் வழக்கம் பெரிதாக இல்லை. ஓபராவிலிருந்தும் பாலேயிலிருந்தும் பிரித்தெடுத்து வாசிப்பார்கள். ஜெர்மன் குறுநில அரசவைகளுக்குப் பிரெஞ்சு அரசரின் வெர்சாய் அரண்மனை மீது தீராத மோகம், ஆனால் பாரிஸ் ஓபரா அளவுக்குப் பணமோ மேடையோ கிடையாது. ஓபராவை விட்டுவிட்டு அதன் ஓவர்ச்சரையும் ஆட்டங்களையும் மட்டும் புதிதாக எழுதச் சொன்னார்கள். பாரிஸில் பயின்ற கூசர் 1682-இல் ஸ்டுட்கார்ட்டில் அப்படி ஒரு தொகுப்பை வெளியிட்டார். 1690-களில் எர்லெபாக், ஃபிஷர் என்று தொடர்ந்து வந்தார்கள். ஆர்கெஸ்ட்ரா சூட் என்று நாம் இன்று கேட்பது பெரும்பாலும் ஜெர்மானியர்கள் பிரெஞ்சு உடுப்பில் வளர்த்த பிள்ளைதான்.

ஆட்டங்களுக்குள்ளும் நாடு தெரியும். கூரான்ட் என்ற ஆட்டம் இரு நாடுகளிலும் உண்டு. இத்தாலிய வகை மூன்று எண்ணிக்கையில் தடையின்றி ஓடும். பிரெஞ்சு வகை நிதானமானது. ஆறு எண்ணிக்கையை ஒரு சமயம் மூன்று இரண்டுகளாகவும் மறு சமயம் இரண்டு மூன்றுகளாகவும் பிரித்து, கேட்பவரின் கணக்கைக் குலைத்துக்கொண்டே போகும். தாளக் கணக்கில் ருசி உள்ள நம்மவர்களுக்குப் பிரெஞ்சுக் கூரான்ட் உடனே பிடித்துவிடும் என்று நினைக்கிறேன். இன்னொரு பிரெஞ்சுப் பழக்கம், சமமாக எழுதப்பட்ட சுரங்களைச் சமமின்றி, ஒன்றைச் சற்று நீட்டி அடுத்ததைச் சற்றுக் குறுக்கி, ஊஞ்சலாட்டமாக வாசிப்பது. நாங்கள் எழுதுவது ஒன்று வாசிப்பது ஒன்று, இத்தாலியர்கள் எழுதியபடியே வாசிக்கிறார்கள் என்று பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்பரன், ஹார்ப்சிகார்ட் என்ற விசைவாத்தியத்துக்கான தம் பயிற்சி நூலில் ஒப்புக்கொள்கிறார்.

இனி ஓபோ. இதுவும் பிரெஞ்சுப் பிறப்பு. திறந்த வெளிகளில் ஓங்கி ஒலித்துக்கொண்டிருந்த ஷாம் என்ற பழைய குழலை 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு பிரெஞ்சு அரசவையைச் சேர்ந்த கைவினைஞர்களும் வாசிப்பவர்களும் அரங்குக்குள் வாசிக்கும்படி மாற்றியமைத்தார்கள். ஓட்டத்தேர், ஃபிலிதோர் குடும்பங்களின் பெயர்கள் இதில் முன்னிற்கின்றன. நம் நாதஸ்வரத்துக்கு உள்ளதுபோல் இதற்கும் இரட்டை நாணல் சீவாளி, கூம்பு வடிவத் துளை. ஆனால் உடலை மூன்று துண்டுகளாகப் பிரித்துத் துளையை நுணுக்கமாகக் கடைந்ததால் ஒலி மென்மையாகி வயலினோடு இழைந்தது. பித்தளைச் சாவிகள் இரண்டோ மூன்றோதான். சில சுரங்களை விரல்களைக் குறுக்காக வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் வேறு நிறத்தில் ஒலிக்கும். சாவிகள் நிறைந்த இன்றைய ஓபோவில் அந்த நிறபேதம் சமன்படுத்தப்பட்டுவிட்டது. அதனால்தான் பழைய மாதிரி ஓபோவில் வாசித்த ஒலிப்பதிவுகளை நான் வற்புறுத்திப் பரிந்துரைக்கிறேன்.

லுல்லியின் குழுவில் ஓபோக்கள் பெரும்பாலான நேரம் வயலின் வரியையே கூடச் சேர்ந்து வாசித்தன. அவ்வப்போது மற்ற எல்லாம் நிற்க, இரண்டு ஓபோக்களும், தாழ்குரல் சீவாளிக் குழலான ஒரு பஸ்ஸூனும் மட்டும் மூவராகப் பேசும். பிறகு குழு முழுவதும் திரும்பும். இந்த மூவர் அமைப்பு சூட்டின் முத்திரையாகவே ஆகிவிட்டது.

பிரெஞ்சு ஓபோ 1700-ஐ ஒட்டி வெனிஸில் வேரூன்றுகிறது. அங்கே அதற்கு வேறு வேலை காத்திருந்தது. வெனிஸ் ஓபரா நகரம். கூட்டம் டிக்கெட் வாங்கிப் போனது பாடகர்களுக்காக. டொமாசோ அல்பினோனி அந்த ஊர்க்காரர், டஜன் கணக்கில் ஓபரா எழுதியவர், மனைவி ஓபரா பாடகி. 1715-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவருடைய ஏழாவது தொகுப்பின் பன்னிரண்டு கான்செர்ட்டோக்களில் நான்கு ஒரு ஓபோவுக்கு, நான்கு இரண்டு ஓபோக்களுக்கு. ஓர் இத்தாலியர் வெளியிட்ட முதல் ஓபோ கான்செர்ட்டோக்கள் இவையே. 1722-இல் ஒன்பதாவது தொகுப்பு வந்தது. அதன் இரண்டாவது கான்செர்ட்டோ டி மைனரில் அமைந்தது. அதைத் தேடிக் கேளுங்கள். நடுப்பகுதியில் வயலின்கள் சுரக்கோவைகளை அலையாகப் பிரித்து மீட்ட, மேலே ஓபோ நீண்ட சுரங்களில் பாடுகிறது. இது முழுக்க முழுக்க ஓபரா பாடகியின் மூச்சு. அல்பினோனியின் வேகப் பகுதிகளிலும் ஓபரா வழக்கம் தெரியும். ஓபோ ஒரு சொற்றொடரைத் தொடங்கி நிறுத்தும், குழு குறுக்கிடும், ஓபோ அதே சொற்றொடரை முதலிலிருந்து எடுத்துத் தொடரும். அக்கால ஓபராவின் தனிப்பாடல்களான ஏரியாக்களில் பாடகர்கள் நுழையும் முறை அச்சாக இதுதான். (அல்பினோனியின் பெயரால் உலகெங்கும் ஒலிக்கும் ஜி மைனர் அடாஜியோ என்ற மெதுவான இசை அவருடையது அல்ல. ரெமோ ஜியாசோட்டோ என்ற இசையறிஞர் எழுதி 1958-இல் வெளியானது. அல்பினோனியின் உண்மையான அடாஜியோக்களோ பலர் காதில் விழாமலே கிடக்கின்றன.)

அதே வெனிஸைச் சேர்ந்த விவால்டியின் அணுகுமுறை வேறு. ஓபோவையும் அவர் வயலினாகவே நினைத்தார். தாவல்கள், மூச்சு விட இடம் தராத ஓட்டங்கள். அவர் பணியாற்றிய பியத்தா ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கான இல்லத்தில் அந்தப் பெண்களே இதையெல்லாம் வாசித்தார்கள். வாத்தியத்தின் பெயரே அவர்களுக்குக் குடும்பப்பெயர்போல் ஒட்டிக்கொண்டது. ஓபோ பெல்லெக்ரினா என்று ஒருவர் ஆவணங்களில் வருகிறார். விவால்டியின் கான்செர்ட்டோ வடிவமும் காதுக்கு எளிதில் பிடிபடும். குழு ஒரு பல்லவியைச் சொல்லும், தனிவாத்தியம் வெளியே உலாவும், பல்லவியின் ஒரு துண்டு வேறு சுருதி நிலையில் திரும்பும், மீண்டும் உலா, கடைசியில் பல்லவி வீடு திரும்பும். ரிட்டோர்னெல்லோ எனப்படும் இந்த முறை அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு ஐரோப்பா முழுவதையும் ஆண்டது.

என்னைக் கேட்டால், இரு நாடுகளையும் பிரிக்கும் ஆழமான கோடு அலங்காரத்தில்தான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு குலுக்கலையும் அசைவையும் தனிக் குறியீடாக எழுதிவைத்து, அதற்கு அட்டவணையும் அச்சிட்டார். வாசிப்பவர் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இத்தாலியர் மெதுவான பகுதிகளில் வெறும் எலும்புக்கூட்டை மட்டும் எழுதினார். சதை வாசிப்பவரின் பொறுப்பு. ஆகவே ஓர் இத்தாலிய அடாஜியோவின் தாளைப் பார்த்தால் குழந்தைப் பாடம்போல் இருக்கும். அதை அப்படியே வாசித்தால் கேட்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

இதை நெருங்கிப் பார்க்க நமக்கு ஓர் அரிய வாய்ப்பு உண்டு. அலெஸ்சாண்ட்ரோ மார்செல்லோ என்ற வெனிஸ் பிரபு டி மைனரில் எழுதிய ஓபோ கான்செர்ட்டோ 1717-ஐ ஒட்டி ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதற்கு முன்பே அதன் கையெழுத்துப் படி ஏதோ ஒன்று ஜெர்மனியின் வைமார் நகருக்குப் போய்ச் சேர்ந்து, இளம் பாக் அதைத் தனி ஹார்ப்சிகார்டுக்கு மாற்றி எழுதியிருந்தார். பாக் படைப்புப் பட்டியலில் அதன் எண் 974. நடுப்பகுதியான அடாஜியோவில் தந்திகள் ஒரே சீராகத் துடிக்கும் சுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க, அதன் மேல் ஓபோ நுழைகிறது. மார்செல்லோவின் அச்சுப் பிரதியில் அந்த ஓபோ வரி எளிமையான நீண்ட சுரங்கள். பாக்கின் படியில் அதே வரி சுருள்களும் சரிவுகளும் தயக்கங்களுமாகப் பொங்குகிறது. ஒரு நீண்ட சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியை அவர் ஒவ்வொரு அடியாக எழுதிக் காட்டுகிறார். இத்தாலிய முறையில் வாசிப்பவர் மனத்துக்குள் என்ன செய்திருப்பார் என்பதற்கு, ஒரு மேதை எழுதிவைத்த சான்று அது. இன்று ஓபோ வாசிப்பவர்களில் பலர் பாக்கின் அலங்காரங்களையே திருப்பி ஓபோவுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் ஹார்ப்சிகார்ட் பதிவையும் பிறகு ஓபோ பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

அலங்காரத்தை முழுதாக எழுதிவைக்கும் பழக்கத்தை பாக் கடைசிவரை விடவில்லை. வாசிப்பவருக்கு எதையும் விட்டுவைக்காமல் எல்லாவற்றையும் சுரங்களாகவே எழுதிவிடுகிறார் என்று 1737-இல் ஷைபெ என்ற விமர்சகர் அதைக் குறையாகச் சொன்னார். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். இத்தாலியரின் தாராளத்தைப் பிரெஞ்சுக்காரரின் கண்டிப்போடு தாளில் பதித்தது ஜெர்மானியரின் பங்களிப்பு.

டெலமானுக்கு வருவோம். இந்தப் பொருளில் அவரைத்தான் நான் மையத்தில் வைப்பேன். மக்டபுர்க்கில் 1681-இல் பிறந்த அவர் இருபதுகளில், இன்றைய போலந்தில் உள்ள சோராவ் நகரில் ப்ரோம்னிட்ஸ் பிரபுவிடம் வேலைக்குச் சேர்ந்தார். பிரபு பிரான்ஸ் சென்று திரும்பியவர், பிரெஞ்சு இசையைத் தவிர வேறொன்றும் அவருக்கு வேண்டாம். டெலமான் லுல்லியையும், பிரெஞ்சு இசையமைப்பாளர் காம்ப்ராவையும் கரைத்துக் குடித்து, இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 200 ஓவர்ச்சர்கள் எழுதியதாகத் தாமே பதிவுசெய்திருக்கிறார். வாழ்நாள் முழுவதும் எழுதிய சூட்டுகளில் நமக்குக் கிடைத்திருப்பவை நூற்றுக்கு மேல்.

அந்த அரசவை அவ்வப்போது ப்ளெஸ் என்ற ஊருக்கு இடம்பெயரும். அங்கேயும் கிராக்கோவிலும் டெலமான் போலந்து நாட்டார் இசையைக் கேட்டார். சத்திரங்களில் பைக்குழலும் வயலினும் வாசித்தவர்கள், ஆடுபவர்கள் இளைப்பாறும் நேரத்தில் மனோதர்மமாக வாசித்ததைக் கேட்டு அசந்துபோனார். கவனமாகக் கேட்பவர் எட்டே நாளில் ஆயுளுக்கும் போதுமான கற்பனைகளைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று எழுதினார். அந்த முறையில் பின்னர் பல கான்செர்ட்டோக்களை எழுதி, இத்தாலியச் சட்டையை மாட்டிவிட்டேன் என்றும் சொல்கிறார். பாணி என்பது உடுத்தவும் மாற்றவும் கூடியது என்பதை அந்தக் காலத்தில் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னவர் வேறு யாரையும் நான் படித்ததில்லை.

தம் கான்செர்ட்டோக்களைப் பற்றி அவர் 1718-இல் எழுதியதும் கவனிக்க வேண்டியது. கான்செர்ட்டோ எழுதுவது மனத்துக்கு அவ்வளவு ஒட்டவில்லை, என்னுடையவற்றில் பிரான்ஸின் வாசனை அடிக்கிறது என்றார். அவருடைய ஓபோ கான்செர்ட்டோக்களைக் கேட்டால் புரியும். விவால்டியின் வேகம்–மெது–வேகம் என்ற மூன்று பகுதிகளைவிட, கோரெல்லியின் பழைய மெது–வேகம்–மெது–வேகம் என்ற நான்கு பகுதிகளே அவருக்கு உவப்பு. ஓபோ சாகசம் செய்யாமல் பண்போடு உரையாடுகிறது. டெலமானே ஓபோ வாசித்தவர். எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பது அவர் எழுதிய வரிகளிலேயே இருக்கிறது. ஜெர்மனியில் அப்போது புதிதாக வந்திருந்த ஓபோ தாமூர் என்ற, சற்றுத் தாழ்ந்த சுருதியும் மங்கிய குரலும் கொண்ட வாத்தியத்துக்கும் அவர் கான்செர்ட்டோக்கள் எழுதினார். 1733-இல் வெளிவந்த ‘விருந்து இசை’த் தொகுப்பில் ஒவ்வொரு பகுதியும் பிரெஞ்சு ஓவர்ச்சர் சூட்டில் தொடங்குகிறது, நடுவில் இத்தாலியக் கான்செர்ட்டோ வருகிறது. மூன்றாம் பகுதியின் பி ஃபிளாட் சூட்டில் இரண்டு ஓபோக்கள். முன்பணம் கட்டி வாங்கியவர்களில் லண்டனிலிருந்து ஹேண்டலும் உண்டு.

பாக்கின் நான்கு சூட்டுகளில் முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள், சி மேஜர், எண் 1066. தொடக்கம் நடைதவறாத பிரெஞ்சு ஓவர்ச்சர். வேகப்பகுதி வந்ததும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். குழு முழுவதும் மெட்டைப் பின்னி முடித்தவுடன் இரண்டு ஓபோக்களும் பஸ்ஸூனும் தனியே கிளம்புகின்றன. பிறகு குழு, மறுபடி மூவர். லுல்லியின் மூவரை எடுத்து விவால்டியின் தனிவாத்தியக்காரர் இடத்தில் பாக் உட்காரவைத்திருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் வெர்சாய் அரண்மனை, உள்ளே வெனிஸ் கான்செர்ட்டோ. மூன்றாம் சூட்டின் புகழ்பெற்ற ‘ஏர்’ பகுதியிலும் இதே கதைதான். பெயர் பிரெஞ்சு, ஆனால் சீராக நடக்கும் பாஸும் அதன் மேல் முடிவின்றி நீளும் வயலின் பாட்டும் கோரெல்லியின் வீட்டுச் சொத்து.

இதைவிடத் துணிச்சலானது முதலாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவின் முடிவு. 1721-இல் பிராண்டன்பர்க் பிரபுவுக்கு அனுப்பிய படியில் அர்ப்பணிப்பு பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. மூன்று ஓபோ, ஒரு பஸ்ஸூன், இரண்டு ஹார்ன், சிறு வயலின் ஒன்று, தந்திக் குழு. இரண்டாம் பகுதியில் ஓபோவும் சிறு வயலினும் மாறி மாறி இத்தாலிய அடாஜியோ பாடுகின்றன, அலங்காரம் முழுவதும் எழுதப்பட்டது. மூன்றாம் பகுதி வேகமான கான்செர்ட்டோ. அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது ஒரு பிரெஞ்சு மினுவெட் தொடங்குகிறது. அது நான்கு முறை வரும், இடையிடையே மூன்று விருந்தாளிகள். முதலில் இரண்டு ஓபோக்களும் பஸ்ஸூனும், லுல்லியின் அதே மூவர். அடுத்துத் தந்திகள் மட்டும் வாசிக்கும் போலந்து ஆட்டம். கடைசியில் ஜெர்மன் பிரபுக்களின் வேட்டைக்காட்டு ஹார்ன்கள் இரண்டு, அவற்றுக்குக் கீழே மூன்று ஓபோக்களும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்க. ஒரே வாத்தியம் எத்தனை தேசத்து வேலைகளைச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் செறிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

டிரெஸ்டன் அரசவை இந்தக் கலப்பு நடந்த பெரிய பட்டறை. 1728 வரை அங்கே கச்சேரித் தலைவராக இருந்த வோலுமியே பிரெஞ்சு முறையில் குழுவைப் பழக்கினார். அவருக்குப் பின் வந்த பிசெண்டெல், 1716–17-இல் வெனிஸில் விவால்டியுடன் பழகிக் கட்டுக்கட்டாகக் கான்செர்ட்டோக்களைப் படியெடுத்து வந்தவர். பிரெஞ்சு ஒழுங்கில் பழகிய கைகள் இத்தாலிய இசையை வாசித்தன. அந்த ஊரில் ஓபோ வாசிப்பவராகச் சேர்ந்து பிறகு புல்லாங்குழலுக்கு மாறிய குவான்ட்ஸ், 1752-இல் எழுதிய நூலில், இரண்டிலும் நல்லதைத் தேர்ந்து கலப்பதே ஜெர்மன் ரசனை என்று அறிவித்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1725-இல் கூப்பரன் லுல்லியின் புகழுக்காக எழுதிய படைப்பில், கலைத் தெய்வங்களின் பர்னாசஸ் மலையில் லுல்லியும் கோரெல்லியும் சந்திக்கிறார்கள். இரண்டு ரசனைகளும் சேர்ந்தால்தான் இசை நிறைவடையும் என்று அப்பல்லோ தெய்வம் அவர்களுக்கு எடுத்துச் சொல்கிறது. ஒரு பாட்டில் லுல்லி மெட்டை வாசிக்கக் கோரெல்லி பக்கவாத்தியம், அடுத்ததில் இடம் மாறுகிறார்கள். அதே ஆண்டு பாரிஸில் ‘கான்செர் ஸ்பிரிச்சுவல்’ என்ற கட்டணக் கச்சேரித் தொடரைத் தொடங்கியவர் ஆன் தனிக்கன் ஃபிலிதோர், ஓபோவை வளர்த்த அதே குடும்பத்தின் வாரிசு. முதல் கச்சேரியிலேயே கோரெல்லியின் கிறிஸ்துமஸ் கான்செர்ட்டோ இடம்பெற்றது. ஆனாலும் ஓபோ பிறந்த நாட்டில் ஓபோ கான்செர்ட்டோ பெரிதாகத் தழைக்கவில்லை. பிரெஞ்சு வயலின் கலைஞர் லெக்லேர் 1737-இல் வெளியிட்ட ஏழாவது தொகுப்பில் ஒன்றைப் புல்லாங்குழலிலோ ஓபோவிலோ வாசிக்கலாம் என்று விட்டுவைத்தார், அவ்வளவுதான்.

இங்கிலாந்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1717 ஜூலை 17 அன்று தேம்ஸ் நதியில் ஒலித்த ஹேண்டலின் ‘நீர் இசை’ பிரெஞ்சு ஓவர்ச்சரில் தொடங்கி, உடனே ஓபோ தனித்துப் பாடும் இத்தாலிய அடாஜியோவுக்குத் தாவி, ஆங்கில ஹார்ன்பைப் ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறது. 1749-இல் அமைதி உடன்படிக்கையைக் கொண்டாடிய வாணவேடிக்கை இசைக்கு அரசர் போர்வாத்தியங்கள் மட்டும் போதும் என்றதால் 24 ஓபோக்களும் 12 பஸ்ஸூன்களும் கூடின. வெட்டவெளியில் வாசிக்கப்பட்ட பழைய ஷாமின் வேலையை ஓபோ அன்று மறுபடியும் செய்தது.

காதைப் பழக்க விரும்பினால் முஃபாட்டின் சூட் ஒன்று, அல்பினோனியின் ஒன்பதாம் தொகுப்பின் இரண்டாவது கான்செர்ட்டோ, டெலமானின் விருந்து இசை மூன்றாம் பகுதி, கடைசியாக முதலாம் பிராண்டன்பர்க் என்ற வரிசையில் கேளுங்கள். பதிவுகளைத் தேர்வு செய்யும்போது ஒரு குறிப்பு: அன்று ஊருக்கு ஊர் சுருதி வேறு. பாரிஸ் ஓபராவின் சுருதி இன்றைய 440 ஹெர்ட்ஸைவிட (நொடிக்கு 440 அதிர்வு) ஏறக்குறைய ஒரு முழுச் சுரம் தாழ்ந்து 392 அளவில் இருந்தது. வெனிஸின் சுருதி இன்றைய சுருதியை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ இருந்தது. ஜெர்மன் அரசவைகள் பலவற்றுக்கு இன்றைய குழுக்கள் 415 வைத்துக்கொள்கின்றன. ஆகவே லுல்லி பதிவு தாழ்ந்து கனமாகவும் விவால்டி பதிவு உயர்ந்து கூர்மையாகவும் கேட்டால் சந்தேகப்பட வேண்டாம், வாசிப்பவர்கள் தெரிந்தே அப்படிக் கூட்டியிருக்கிறார்கள்.